ஒரு நாள் உத்தியோகம்

2025-ம் வருஷம் மார்ச் மாதம் 9-ந் தேதி காத்மாண்டு விமான நிலையத்தின் வாசலில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி நின்றார்கள். பதினேழு வருஷங்களுக்கு முன் சிங்காதனத்தை இழந்த ஞானேந்திரர் அன்று தலைநகருக்குத் திரும்பினார். அரசர் மீண்டும் வரவேண்டும், தேசத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டம் கோஷமிட்டது. அதே மாதம் 28-ந் தேதி இதே கோரிக்கைக்காக நடந்த மற்றொரு கூட்டம் கலவரத்தில் முடிந்து இரண்டு உயிர்கள் போயின.

நேபாளம் நமக்கு அடுத்த வீடு. அங்கே 2008-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி அரசியல் நிர்ணய சபை கூடி, 560 ஓட்டுக்கு 4 ஓட்டு என்ற கணக்கில் மன்னராட்சிக்கு முடிவு கட்டியது. சுமார் 240 வருஷங்கள் ஆண்ட ஷா வம்சத்தின் அரண்மனை பொருட்காட்சிசாலையாயிற்று. அப்படித் துடைத்துக் கழுவி எடுத்து வைத்த கிரீடத்தை, அதே ஜனங்களில் ஒரு பகுதியார் மீண்டும் தேடுவானேன்?

காரணம் தெரியாததல்ல. குடியரசு வந்த பிறகு அங்கே அரசாங்கம் பன்னிரண்டு தடவைக்கு மேல் மாறிவிட்டது. ஒரே இரண்டு மூன்று கிழத்தலைவர்கள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வாலிபர்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனார்கள். வீட்டில் நிம்மதி இல்லாதவன் பழைய வீட்டை நினைத்து ஏங்குவது மனித சுபாவம். அந்த வீட்டில் மழைக்காலத்தில் ஒழுகியது அப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஆயினும் அவர்கள் எழுப்பும் கேள்வியை ஏளனம் செய்து தள்ளிவிடக் கூடாது. ஒரு நவீன தேசத்துக்கு ராஜா வேண்டுமா, வேண்டாமா?

பெயரில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் சரித்திர வகுப்பில் கேட்டால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். விரல் நுனியால் உலகத்தையே கைபேசியில் திறந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு ராஜா, ராணி என்றால் சீட்டுக்கட்டுத்தான் நினைவுக்கு வரும். ஆனால் சிரித்து முடிந்ததும் தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் சற்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஹாலந்து, பெல்ஜியம், ஸ்பெயின், ஜப்பான், பிரிட்டன் ஆகிய தேசங்களில் இன்றும் முடிமன்னர்கள் இருக்கிறார்கள். இவற்றை யாரேனும் பிற்போக்கு தேசங்கள் என்று சொல்வார்களா? ஓட்டுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் அங்கே நன்றாகவே இருக்கின்றன. மறுபக்கம், வட கொரியாவைப் பாருங்கள். அதன் முழுப் பெயரில் ஜனநாயகமும் இருக்கிறது, மக்களும் இருக்கிறார்கள், குடியரசும் இருக்கிறது. ஆனால் அங்கே ஆட்சி பாட்டனிடமிருந்து தகப்பனுக்கும், தகப்பனிடமிருந்து மகனுக்கும் மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது! ஆகையால் வாசல் பலகையில் எழுதியிருப்பதைக் கொண்டு வீட்டை எடை போடுவதில் பயனில்லை.

அப்படியானால் வேறு எதைக் கொண்டு எடை போடுவது? ராஜாவின் வேலை என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.

ராஜாவுக்கு என்ன வேலை?

இக்காலத்து ராஜாவின் தினசரி வேலை பெரிதல்ல. பார்லிமெண்டைத் திறந்து வைக்கிறார். அங்கே அவர் வாசிக்கும் பிரசங்கம் மந்திரிகள் எழுதிக் கொடுத்தது. மந்திரிகள் நீட்டும் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். அந்நிய தேசத்து விருந்தினருக்கு விருந்து வைக்கிறார். ஆஸ்பத்திரிகளுக்கு அஸ்திவாரக்கல் நாட்டுகிறார். இவ்வளவுக்கும் ஓர் அரண்மனையும், குதிரை வண்டிகளும், தங்கச் சரிகைச் சேவகர்களும் வேண்டுமா என்று சிக்கனக்காரர்கள் கேட்கிறார்கள். செலவு வாதத்தை நாம் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. குடியரசுத் தலைவருக்கும் மாளிகை வேண்டித்தான் இருக்கிறது. வைஸ்ராய்க்காகக் கட்டிய 340 அறைக் கட்டிடத்தில் நம்முடைய ராஷ்டிரபதியும் வாழ்ந்து வருகிறார்.

ராஜபக்தர்களிடம் இதைவிட நல்ல வாதம் ஒன்று உண்டு. தேசத்தின் தலைமைப் பீடத்தில் கட்சியில்லாத ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பேராசைக்காரன் எவனும் அங்கே ஏறி அமர முடியாது. ஆளுகிறவர்கள் வேறு, தேசம் வேறு என்பது ஜனங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் என்கிறார்கள். இது அற்பமான வாதமல்ல. 1950-ம் வருஷம் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்திலும், பிரதம மந்திரிக்கு மேலே ராஷ்டிரபதி என்ற பீடம் வைக்கப்பட்டதன் நியாயம் ஏறக்குறைய இதுதான்.

ஆகவே, ஆற அமரப் பார்த்தால், ராஜாவின் வேலை 364 நாள் அலங்காரம். ஒரே ஒரு நாள்தான் உத்தியோகம். அந்த ஒரு நாள் ஒரு தலைமுறையில் ஒரு முறை வரலாம். வராமலே போனாலும் போகலாம். துப்பாக்கி ஏந்தியவன் வாசலில் வந்து நின்று, 'இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்று காகிதத்தை நீட்டும் நாள் அது. அன்றைக்கு ராஜா என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான், அதுவரை அவருக்காகச் செலவழித்த பணம் வரவா, நஷ்டமா என்று தெரியும்.

அப்படிப்பட்ட சில நாட்களைச் சரித்திரத்திலிருந்து எடுத்துப் பார்ப்போம்.

ஓட்டுக் கேட்டு வந்த ராஜா

1905-ம் வருஷம் நார்வே தேசம் ஸ்வீடனோடு இருந்த பிணைப்பை அறுத்துக் கொண்டது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற தேசத்துக்குத் தலைவர் வேண்டுமே! டென்மார்க்கின் ராஜகுமாரர் கார்ல் என்பவரை அழைத்தார்கள். சிங்காதனம் தேடி வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். நார்வே ஜனங்கள் உண்மையிலேயே ராஜா வேண்டும் என்கிறார்களா என்று ஓட்டெடுத்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் வருவேன் என்றார். நவம்பர் மாதத்தில் ஓட்டெடுத்தார்கள். வேண்டும் என்றவர்கள் 2,59,563 பேர். வேண்டாம் என்றவர்கள் 69,264 பேர். அதற்குப் பிறகே அவர் ஏழாம் ஹாகோன் என்ற பெயரோடு வந்து சேர்ந்தார்.

முப்பத்தைந்து வருஷங்கள் சாந்தமாகக் கழிந்தன. 1940-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ந் தேதி ஹிட்லரின் படைகள் நார்வேயில் இறங்கின. ராஜாவும் மந்திரிகளும் தலைநகரை விட்டு உள்நாட்டுக்குப் போனார்கள். மறுநாள் ஜெர்மன் ஸ்தானீகர் அவரைத் தேடி வந்து, குவிஸ்லிங் என்ற நாஜிக் கையாளைப் பிரதம மந்திரியாக நியமிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஹாகோன் தம் மந்திரிகளைக் கூட்டிச் சொன்னதன் சாரம் இது: 'ஜனங்களின் நம்பிக்கையைப் பெறாத இந்த மனிதரை நான் நியமிக்க மாட்டேன். தேசத்தின் க்ஷேமத்துக்கு இணங்குவதே நல்லது என்று நீங்கள் தீர்மானித்தால், நான் முடியைத் துறந்து விடுகிறேன்.' மந்திரிசபை அவர் பக்கம் நின்றது. மறுநாளே அவர் தங்கியிருந்த கிராமத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. ராஜா பனிக் காட்டுக்குள் ஒதுங்கித் தப்பினார். ஐந்து வருஷங்கள் அந்நிய நாட்டில் இருந்து, 1945 ஜூன் மாதம் 7-ந் தேதி திரும்பி வந்தார். அவர் இல்லாத காலத்தில் நார்வே ஜனங்கள் அவருடைய பெயரின் முதலெழுத்தையும் ஏழு என்ற எண்ணையும் சுவர்களில் எழுதித் தங்கள் எதிர்ப்பைக் காட்டிக் கொண்டிருந்தார்கள்.

ஓட்டுப் பெற்று வந்தவருக்கு, தம் முடி யாருடைய சொத்து என்பது தெரிந்திருந்தது.

ஒரு கையெழுத்தின் விலை

இனி இத்தாலிக்கு வருவோம். 1922-ம் வருஷம் அக்டோபர் மாதம் 28-ந் தேதி முஸோலினியின் கருஞ்சட்டைக்காரர்கள் ரோமாபுரியை நோக்கி வந்து கொண்டிருந்தார்கள். பிரதம மந்திரி பாக்டா ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்யும் உத்தரவைத் தயாரித்து ராஜாவிடம் எடுத்துப் போனார். மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதில் கையெழுத்திட மறுத்தார். அதோடு நில்லாமல் முஸோலினியையே அழைத்துப் பிரதம மந்திரியாக்கினார்.

பிறகு நடந்தவை உலகம் அறிந்தவை. சட்டசபை ஊமையாயிற்று. 1938-ல் யூதர்களுக்கு விரோதமான சட்டங்களுக்கு அதே ராஜாவின் கையெழுத்துத் தடையின்றிக் கிடைத்தது. யுத்தத்தில் தோல்வி நிச்சயமான பிறகு, 1943 ஜூலையில் முஸோலினியை அவர் நீக்கினார். செப்டம்பரில் ஜெர்மானியர் வருகிறார்கள் என்றதும் தலைநகரையும் சேனையையும் விட்டு ஓடினார்.

1946 ஜூன் மாதம் 2-ந் தேதி இத்தாலிய ஜனங்களிடம் கேள்வி வந்தது. தேசிய வாக்கெடுப்பில் அந்நாட்டுப் பெண்கள் முதல் தடவையாக ஓட்டுப் போட்டது அன்றுதான். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ராஜா ஒரு மாதத்துக்கு முன்பே முடி துறந்து, மகன் உம்பர்ட்டோவைச் சிங்காதனத்தில் ஏற்றிப் பார்த்தார். பலிக்கவில்லை. குடியரசுக்கு 1 கோடியே 27 லட்சம் ஓட்டு; மன்னராட்சிக்கு 1 கோடியே 7 லட்சம். தகப்பன் 1922-ல் போடாத கையெழுத்துக்கு, மகன் 1946-ல் வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் புறப்பட்டார்.

இரண்டு மைத்துனர்கள்

ஸ்பெயின் ராஜாவாயிருந்த ஹுவான் கார்லோஸும், கிரீஸ் ராஜாவாயிருந்த கான்ஸ்டன்டைனும் மைத்துனர்கள். கான்ஸ்டன்டைனின் சகோதரியை மணந்தவர் ஹுவான் கார்லோஸ்.

1967 ஏப்ரல் மாதம் 21-ந் தேதி கிரீஸில் ராணுவ கர்னல்கள் ஆட்சியைப் பிடித்துக் கொண்டு ராஜாவிடம் வந்தார்கள். இருபத்தாறு வயது வாலிபரான கான்ஸ்டன்டைன் அவர்களுடைய மந்திரிசபைக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அவ்வருஷம் டிசம்பரில் மனம் மாறி அவர்களை எதிர்த்துப் பார்த்தார். காலம் கடந்து விட்டது. தேசத்தை விட்டு ஓட வேண்டியதாயிற்று. 1974-ல் ராணுவ ஆட்சி ஒழிந்து ஓட்டெடுத்தபோது, ராஜா வேண்டாம் என்று நூற்றுக்கு 69 பேர் சொல்லிவிட்டார்கள்.

1981 பிப்ரவரி மாதம் 23-ந் தேதி இதே நிலைமை ஸ்பெயினில் மைத்துனருக்கு வந்தது. ஆயுதம் தாங்கிய சேவகர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்து அங்கத்தினர்களைச் சிறை வைத்தார்கள். ராஜாவும் தங்கள் பக்கமே என்று கலகக்காரர்கள் எண்ணியிருந்தார்கள். எண்ணுவதற்கு இடமுமிருந்தது, அவருடைய பாட்டனார் 1923-ல் ஒரு சேனாபதியின் சர்வாதிகாரத்துக்குச் சம்மதம் கொடுத்தவர், அவரையே வாரிசாக நியமித்தவர் சர்வாதிகாரி பிராங்கோ. ஆனால் நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்கு மேல் ராஜா சேனைத் தலைவரின் உடையில் டெலிவிஷனில் தோன்றி, அரசியல் சட்டத்தின் பக்கமே தாம் நிற்பதாக அறிவித்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் கலகம் பிசுபிசுத்துப் போயிற்று.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! 2012-ல் ஸ்பெயின் ஜனங்கள் வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்துக் கொண்டிருந்தபோது, ராஜா ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்குப் போயிருந்த சங்கதி வெளியாயிற்று. பிறகு பண விவகாரங்கள் கிளம்பின. 2014-ல் முடியை மகனிடம் கொடுத்தார். 2020-ல் தேசத்தை விட்டே வெளியேறினார். ஓர் இரவில் சம்பாதித்த நல்ல பெயரை அவர் முப்பது வருஷங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்த்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பத்தின் பரீட்சை முடிவு

இப்போது நேபாளத்துக்குத் திரும்புவோம். அங்கே ஒரே குடும்பத்தில் நான்கு அரசர்கள் இந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டனார் திரிபுவனர் 1950 நவம்பரில் காத்மாண்டுவிலுள்ள இந்திய ஸ்தானீகர் காரியாலயத்தில் அடைக்கலம் புகுந்தார். நூறு வருஷ ராணா ஆட்சி அதனால் ஆட்டம் கண்டது. 1951-ல் ஜனங்களின் ஆரவாரத்துக்கிடையே அவர் திரும்பி வந்தார். தேறினார்.

அவருடைய குமாரர் மகேந்திரர், பொதுத் தேர்தலில் ஜயித்து வந்த பி. பி. கொய்ராலாவின் அரசாங்கத்தை 1960 டிசம்பர் 15-ந் தேதி கலைத்துக் கொய்ராலாவைச் சிறையிலிட்டார். முப்பது வருஷம் கட்சிகளே இல்லாத பஞ்சாயத்து ஆட்சி நடந்தது. தவறினார். அவருடைய குமாரர் வீரேந்திரர் 1990-ல் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோது, பிடிவாதம் செய்யாமல் அதிகாரத்தை விட்டுக்கொடுத்து அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். தேறினார். 2001 ஜூன் மாதம் 1-ந் தேதி அரண்மனையில் நடந்த கோரக் கொலைகளில் அவரும் மாண்டார். அடுத்து வந்த சகோதரர் ஞானேந்திரர் 2005 பிப்ரவரி 1-ந் தேதி மந்திரிசபையைக் கலைத்து, தலைவர்களைக் காவலில் வைத்து, டெலிபோன்களையும் துண்டித்து, தாமே ஆளத் தொடங்கினார். 2006 ஏப்ரலில் ஜனங்கள் 19 நாள் தெருவில் நின்று அதிகாரத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

நான்கு பேர், ஒரே இரத்தம், ஒரே அரண்மனையில் வளர்ப்பு. இருவர் தேறினார்கள், இருவர் தவறினார்கள். காசைச் சுண்டிப் போட்டாலும் இதே கணக்குத்தானே வந்திருக்கும்? மருத்துவருடைய மகனுக்குப் படிப்பில்லாமல் மருத்துவர் பட்டம் கொடுக்க நாம் சம்மதிப்பதில்லை. தேசத்தின் மிகப் பெரிய ஆபத்து நாளை மட்டும் பிறப்பின் சீட்டுக் குலுக்கலிடம் ஒப்படைப்பது எந்த விதத்தில் புத்திசாலித்தனம்?

தேர்ந்தெடுத்தால் போதுமா?

'நிறுத்துங்கள்! தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் மட்டும் தவறவில்லையா?' என்று நேயர்கள் கேட்கலாம். தவறியிருக்கிறார்கள். வெகு தூரம் போக வேண்டாம். 1975 ஜூன் மாதம் 25-ந் தேதி இரவு, பிரதம மந்திரி இந்திரா காந்தி அனுப்பிய அவசர நிலைப் பிரகடனத்தில் ராஷ்டிரபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். மந்திரிசபைக்கே விஷயம் மறுநாள் காலையில்தான் தெரியும். இருபத்தொரு மாதம் தேசம் வாய்ப்பூட்டோடு இருந்தது. ராஜா செய்யத் தவறியதை ராஷ்டிரபதியும் செய்யத் தவறினார். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ராஷ்டிரபதியின் பதவிக்கு ஐந்து வருஷக் கெடு இருக்கிறது. அவர் தம் பீடத்தைப் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. ஆட்சியாளரை 1977 மார்ச் மாதத்தில் ஜனங்கள் ஓட்டுச் சீட்டினாலேயே இறக்கினார்கள். ராஜா தவறினால் என்ன வழி? இத்தாலி இருபத்துநான்கு வருஷமும் ஒரு மகா யுத்தமும் கழிந்த பிறகே கணக்குத் தீர்த்தது. நேபாளம் மகேந்திரரின் பிழைக்கு முப்பது வருஷம் காத்திருந்தது. பிழை செய்யாத தலைவர் எந்த முறையிலும் கிடைக்க மாட்டார். பிழையைத் திருத்த எத்தனை நாள் ஆகும், எத்தனை உயிர் போகும் என்பதே கேள்வி.

நமது தீர்ப்பு

அப்படியானால் நார்வேயும் தன் ராஜாவை உடனே அனுப்பிவிட வேண்டுமா? அவசியமில்லை என்பதே நம் அபிப்பிராயம். அங்கே குடியரசு வேண்டும் என்ற தீர்மானம் பார்லிமெண்டில் அவ்வப்போது வருகிறது, பேசுகிறார்கள், ஓட்டெடுக்கிறார்கள், தீர்மானம் தோற்கிறது. கொண்டுவந்தவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார். தாய்லாந்தில் அப்படியல்ல. அங்கே ராஜாவை அவமதித்ததாகக் குற்றம் ருசுவானால் மூன்று முதல் பதினைந்து வருஷம் வரை சிறை. அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று சொன்ன கட்சியை, அது பொதுத் தேர்தலில் முதலிடம் பெற்ற கட்சியாயிருந்தும், 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் கலைத்தே விட்டது.

இதுதான் உரைகல். 'ராஜா வேண்டுமா?' என்று எந்தத் தேசத்தில் பயமின்றிக் கேட்க முடிகிறதோ, அங்கே ராஜா இருந்தாலும் கெடுதலில்லை. அவர் ஜனங்களின் சம்மதத்தால் இருக்கிறார். கேட்பதே குற்றமென்றால் அங்கே ராஜா இருக்கக் கூடாது.

நேபாளமோ கேட்டுவிட்டது, பதிலும் சொல்லிவிட்டது. இறங்கிய கிரீடத்தை மறுபடியும் ஏற்றினால் வேலையும் வராது, லஞ்சமும் ஒழியாது. மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஆறு மாதம் கழித்து அந்தத் தேசத்துக்கு அதன் ஒரு நாள் வந்தே விட்டது. 2025 செப்டம்பர் 8-ந் தேதி வாலிபர்கள் லஞ்சத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். அன்று ஒரே நாளில் 19 பேர் சுடப்பட்டு மாண்டார்கள். மறுநாள் பார்லிமெண்டுக் கட்டிடம் எரிந்தது. பிரதம மந்திரி ஒலி ராஜினாமாச் செய்தார். அடுத்த சில நாட்களில் இறந்தோர் தொகை எழுபதைத் தாண்டியது. அரசாங்கமே இல்லாத அந்த வேளையில் சிங்காதனத்தின் வேலையைச் செய்தவர் யார்? ஜனாதிபதி ராம் சந்திர பௌடேல். எண்பது வயதானவர், அரசரின் பஞ்சாயத்து ஆட்சிக் காலத்தில் சிறை கண்டவர். முன்னாள் பிரதம நீதிபதி சுசீலா கார்க்கி அம்மையாரை 12-ந் தேதி அவர் இடைக்காலப் பிரதம மந்திரியாக்கினார். 2026 மார்ச் 5-ந் தேதி தேர்தல் என்று நாளும் குறித்தாயிற்று.

பெரிய காரியம் என்று யாரும் அவருக்குச் சிலை வைக்கப் போவதில்லை. அந்த ஒரு நாள் உத்தியோகத்தை, முடி இல்லாத ஒரு கிழவரும் பார்க்க முடியும் என்பது மாத்திரம் தெரிந்து போயிற்று.